இரண்டு விசில் கேட்டால்தான் டி செல் கிளம்பும்: மேற்பரப்பு ஏற்பிகளை ஸ்டெயின் செய்து பார்ப்பது எப்படி

நோயெதிர்ப்புச் செல்லின் மேல் இருக்கும் ஏற்பி என்ற புரதத்தில், சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை ஒட்டவைத்துப் பார்ப்பதுதான் ஸ்டெய்னிங். எங்கள் லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள்: "அக்கா, ஆன்டிபாடி எத்தனை மைக்ரோலிட்டர் போடணும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "அது எதன் மேல் போய் ஒட்டப் போகுது? அந்த ஏற்பி இப்போ செல்லுக்கு வெளியே இருக்கா, உள்ளே போயிடுச்சா?" முழிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி முழித்தவள்தான். ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓட்டி, ஒட்டிய சாயத்தின் ஒளியை அளக்கும் மெஷின்) முன்னால் உட்கார ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. நான் செய்த தவறுகளில் பிப்பெட்டால் வந்தவை குறைவு. ஏற்பியைச் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி நினைத்துக்கொண்டதால் வந்தவைதான் அதிகம். செல் அதை வெளியே நீட்டும், உள்ளே இழுத்துக்கொள்ளும், சிலவற்றை வெட்டியே எறிந்துவிடும். ஸ்டெயின் செய்கிற நேரத்தில் அது எந்தக் கோலத்தில் இருந்ததோ, அதைத்தான் மெஷின் காட்டும்.

அதனால் ட்யூபைக் கையில் எடுக்கும் முன் இந்த ஏற்பிகள் என்ன வேலை செய்கின்றன என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். அவசரமாக இருப்பவர்கள் நேராக ரத்தம் எடுக்கிற இடத்துக்குப் போகலாம், ஆனால் திரும்பி வருவீர்கள்.

விசிலும் பிரேக்கும்

நம்மூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு கொடுத்தால் கிளம்பும். நோயெதிர்ப்பு வேலை பார்க்கும் வெள்ளணுவான டி செல்லுக்கும் இதே கணக்குதான். வேறொரு செல் தன் மேலே இருக்கும் எம்எச்சி என்ற தட்டு மாதிரியான மூலக்கூறில் ஒரு புரதத் துண்டை ஏந்திக் காட்டுகிறது. டி செல் ஏற்பி அதைப் பிடித்தால் ஒரு விசில். அதே செல்லில் சிடி80 அல்லது சிடி86 இருந்து, டி செல்லின் சிடி28 அதையும் பிடித்தால் இரண்டாவது விசில். (சிடி என்று எண்ணோடு வருபவை எல்லாம் செல்லின் மேல் இருக்கும் புரதங்களின் பெயர்கள்.) இரண்டும் கேட்டால் டி செல், பெருகச் சொல்லும் சைகைப் புரதமான ஐஎல்-2 சுரக்கும், பெருகும். முதல் விசில் மட்டும் கேட்டால் சும்மா நிற்பதோடு முடியாது. பிறகு இரண்டு விசிலும் ஒழுங்காகக் கொடுத்தாலும் அசையாத ஒரு மந்த நிலைக்குப் போய்விடும். நம் டி செல்கள் நம்மையே தாக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் பிரேக். சிடிஎல்ஏ-4 என்ற ஏற்பி, சிடி28 பிடிக்கும் அதே சிடி80, சிடி86-ஐ இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது விசில் ஊத ஆளே இருக்காது. இந்த மரபணு இல்லாத எலிகள், டி செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, பிறந்த மூன்று நான்கு வாரத்தில் செத்துப்போவதை 1995-இல் காட்டினார்கள். இன்னொரு பிரேக் பிடி-1. 1992-இல் கியோட்டோவில் தாசுகு ஹோன்ஜோவின் குழு கண்டுபிடித்தது. மற்ற செல்களின் மேல் இருக்கும் பிடி-எல்1 என்ற புரதம் இதைத் தொட்டால், பிடி-1-இன் உட்புற வால் எஸ்எச்பி-2 என்ற என்சைமை இழுத்துவரும். சிடி28-இன் வாலில் ஏறியிருக்கும் பாஸ்பேட்டுகளை அது கழற்றிவிடும். புற்றுக்கட்டிகள் பல பிடி-எல்1-ஐத் தங்கள் மேல் வைத்துக்கொண்டு தப்பிப்பது இந்த வழியில்தான். சிடிஎல்ஏ-4-ஐத் தடுக்கும் இபிலிமுமாப் என்ற புற்றுநோய் மருந்து 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிடி-1-ஐத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாபும் நிவோலுமாபும் 2014-இல் பெற்றன. 2018-இல், சிடிஎல்ஏ-4-ஐத் தடுத்துப் புற்றை எதிர்க்கலாம் என்று காட்டிய ஜேம்ஸ் அலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எந்த ஏற்பி எந்தச் செல்லில் இருக்கிறது என்று பார்ப்பதெல்லாம் படிப்புக்காகச் செய்யும் வேலை என்று யாராவது சொன்னால் நான் லண்டன் கதையைச் சொல்வேன். 2006 மார்ச்சில் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு ஏற்றினார்கள். சிடி28-ஐப் பிடித்து, முதல் விசில் இல்லாமலேயே டி செல்லைக் கிளப்பிவிடும் ஆன்டிபாடி அது. விலங்குகளில் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் சைட்டோகைன் புயல் (செல்கள் சைகைப் புரதங்களைக் கட்டுக்கடங்காமல் கொட்டுவது) தொடங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார்கள். சோதித்துப் பார்த்த குரங்குகளில் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு தேடியபோது கிடைத்த விளக்கம் இது: மனிதனில் சிடி28 வைத்திருக்கும் ஒரு வகை நினைவு டி செல்கள், அந்தக் குரங்குகளில் அதை வைத்திருக்கவில்லை. ஒழுங்காக ஒரு ஸ்டெய்னிங் செய்தால் தெரிந்துவிடும் விஷயம்.

ரத்தம் வந்து சேர்வது

ரத்தம் உறையவிடாத ஈடிடிஏ இருக்கும் ஊதா மூடி ட்யூபில் எடுங்கள். எடுத்த உடனே எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கக் கூடாது. முழு ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், 20-இலிருந்து 25 டிகிரிக்குள் இருக்கட்டும். "ரூம் டெம்பரேச்சர்" என்று புரோட்டோகாலில் எழுதியிருப்பதைச் சென்னை மே மாதத்தில் அப்படியே நம்பினால் 36 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும். ஏசி ஓடும் அறை என்று திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் தெரியவந்தது 1986-இல், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த மாதிரிகளில். நிர்மலா ஐஸ் பெட்டியோடு ரயிலேறி காட்பாடி போய், வேலூர் சிஎம்சியில் சோதித்தார். இந்தக் கதையைக் கேட்ட ஒரு பையன், "அப்போ நாமும் ஐஸில் அனுப்பலாமே" என்றான். அவர் கொண்டுபோனது சீரம். அதில் செல் கிடையாது, ஐஸ் ஒன்றும் செய்யாது. நமக்கு வேண்டியது உயிரோடிருக்கும் செல். ஒரு முறை வெளியூரிலிருந்து வந்த பெட்டியில் ஐஸ் பேக்கை ஒட்டி ட்யூப்களை அடுக்கியிருந்தார்கள். திறந்து பார்த்தால், சிவப்பணுக்கள் உடைந்து பிளாஸ்மா பீட்ரூட் சாறு மாதிரி சிவந்து கிடந்தது. பன்னிரண்டு பேருடைய ரத்தம், அத்தனையும் வீண். அதில் இரண்டு குழந்தைகள். மறுபடி ஊசி குத்த வேண்டியதாயிற்று.

எவ்வளவு சூட்டில் ஸ்டெயின் செய்வது

முழு ரத்தத்தில் சிடி3 (டி செல்லின் அடையாளம்), சிடி4, சிடி8 (டி செல்லின் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டுபவை) எண்ணிக்கை மட்டும் பார்ப்பதென்றால் ஏசி அறையில், இருட்டில், 15-இலிருந்து 20 நிமிடம் போதும். பிடி-1 மாதிரி ஏறி இறங்குகிற ஏற்பிகளைப் பார்ப்பதென்றால் ஃபைகால் என்ற அடர்த்தியான கரைசலின் மேல் ரத்தத்தை ஊற்றிச் சுழற்றிப் பிரித்த செல்களை ஐஸில் வைத்து 30 நிமிடம். ஏன் ஐஸ்? ஒரு ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள். பக்கத்துப் பக்கத்து ஏற்பிகள் இரண்டைப் பிடித்து இழுத்துச் சேர்க்கும். சூட்டில் இருக்கும் செல் அந்தக் கூட்டத்தை அப்படியே உள்ளே விழுங்கிவிடும். குளிரில் விழுங்காது. செல்லை வைக்கும் கரைசலான பஃபரில் 0.1 சதவீதம் சோடியம் அசைடு சேர்ப்பதும் இதற்காகத்தான். அசைடு விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சிங்க்கிலும் ஊற்றாதீர்கள். பழைய ஈயக் குழாயிலும் செம்புக் குழாயிலும் சேர்ந்தால் வெடிக்கும் உப்பாக மாறும். செல்களைப் பிறகு வளர்க்கப் போகிறீர்கள் என்றால் அசைடே வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. சிசிஆர்7 போன்ற கீமோகைன் ஏற்பிகள் (செல் எங்கே போக வேண்டும் என்ற சைகையைப் பிடிப்பவை) உள்ளேயும் வெளியேயும் சுற்றிக்கொண்டே இருப்பவை. ஐஸில் பார்த்தால் மங்கலாகத் தெரியும். அவற்றின் ஆன்டிபாடியை மட்டும் முதலில் 37 டிகிரியில் 15 நிமிடம் போட்டுவிட்டு, மற்றவற்றை அப்புறம் ஐஸில் போடுங்கள்.

சிடிஎல்ஏ-4 இந்தக் கூட்டத்தில் மகா கள்ளன். நான் சேர்ந்த புதிதில் இரண்டு வாரம் தினமும் ஸ்டெயின் செய்தும் ஒன்றும் தெரியவில்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று புது வயல் வாங்கவைத்து, அதிலும் தெரியாமல், அழாத குறை. "உள்ளே பார்த்தியாம்மா?" என்று பக்கத்து மேசை சீனியர் கேட்டார். அதன் பெரும்பகுதி செல்லுக்குள் சிறு பைகளில் இருக்கிறது. கொஞ்ச நேரம் வெளியே தலைகாட்டும், உடனே உள்ளே போய்விடும். செல்லை ஃபிக்ஸ் செய்து (ரசாயனத்தால் இருக்கிறபடியே நிலைக்கவைத்து), சவ்வைத் துளைத்து, உள்ளே ஸ்டெயின் செய்தபோது பளிச்சென்று வந்தது. அன்றிலிருந்து "ஏற்பி இல்லை" என்று நோட்டில் எழுதுவதை விட்டேன். "வெளியே தெரியவில்லை" என்றுதான் எழுதுவேன்.

செய்முறை

பஃபர்: பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் 2 சதவீதம் ஃபீட்டல் போவைன் சீரம், 2 மில்லிமோலார் ஈடிடிஏ, வேண்டுமானால் அசைடு. ட்யூபுக்குப் பத்து லட்சம் செல், 100 மைக்ரோலிட்டர் பஃபரில்.

முதலில் எஃப்சி பிளாக். மோனோசைட், பி செல், என்கே செல் என்ற மற்ற வெள்ளணுக்கள் எல்லாம் சிடி16, சிடி32, சிடி64 என்று ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் ஏற்பிகளை வைத்திருக்கின்றன. அவற்றின் வேலையே அதுதான், ஆன்டிபாடி ஒட்டிய கிருமியைப் பிடித்து விழுங்குவது அல்லது கொல்வது. உங்கள் சாய ஆன்டிபாடியையும் கிருமி மேல் வந்தது என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். சாயம் இல்லாத சாதாரண ஆன்டிபாடியான மனித ஐஜிஜி கொடுத்துப் பத்து நிமிடம் அவற்றின் வாயை அடைத்துவிட்டால் அப்புறம் சும்மா இருக்கும். புதிதாக வருபவர்கள் அதிகமாகத் தவிர்ப்பது இந்தப் படியைத்தான். "மோனோசைட் எல்லாமே பாசிட்டிவ்" என்று என்னிடம் ஓடிவந்தவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்.

பிறகு ஆன்டிபாடி. எத்தனை மைக்ரோலிட்டர் என்ற அந்தக் கேள்விக்குப் பதில்: வயலில் போட்டிருக்கும் அளவு ஒரு தொடக்கம் மட்டுமே. அதிலிருந்து பாதி பாதியாகக் குறைத்து ஆறு ட்யூப் போடுங்கள். பாசிட்டிவ் கூட்டமும் நெகட்டிவ் கூட்டமும் எந்த ட்யூபில் நன்றாகப் பிரிந்து நிற்கிறதோ, அதுதான் உங்கள் அளவு. பெரும்பாலும் கம்பெனி சொன்னதைவிடக் குறைவாகவே வரும். காசும் மிச்சம்.

எந்த ஏற்பிக்கு எந்த நிறம் என்பதில் ஒரே விதி: கொட்டிக் கிடக்கும் ஏற்பிக்கு மங்கல் சாயம், அரிதான ஏற்பிக்குப் பிரகாசமான சாயம். சிடி4 ஒரு டி செல்லில் பத்தாயிரக்கணக்கில் இருக்கிறது, ஃபிட்ஸி என்ற மங்கல் சாயம் தாராளமாகப் போதும். பிடி-1-க்குப் பிஇ கொடுங்கள். பிஇ என்பது கடலில் வளரும் சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் புரதம், நல்ல பிரகாசம். இரண்டு சாயங்களை இணைத்துச் செய்யும் டாண்டம்களில் கவனம். பழைய லேபில் பிஇ-சிஒய்7 வயலை ஜன்னலோரம் வைத்து மறந்துவிட்டேன். வெளிச்சம் பட்டு இணைப்பு கெட்டு, சிஒய்7-இல் வர வேண்டிய ஒளியெல்லாம் பிஇ-யில் வந்தது. இல்லாத பிடி-1-ஐ ஒரு மாதம் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

ஆன்டிபாடி போட்டு, லேசாக வோர்டெக்ஸ் செய்து (மெஷினில் அதிரவைத்துக் கலக்கி), அலுமினியம் ஃபாயிலால் மூடிய ஐஸ் பெட்டியில் 30 நிமிடம். 2 மில்லி பஃபர் ஊற்றி 300 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 300 மடங்கு விசையில்) ஐந்து நிமிடம் ஸ்பின். மேலே இருப்பதை ஒரே வீச்சில் கவிழ்த்து ஊற்றுங்கள். பாதியில் கை தயங்கி ட்யூபை நிமிர்த்தினால் அடியில் படிந்த செல்களான பெல்லட் கலைந்து அடுத்த கவிழ்ப்பில் போய்விடும். இன்னொரு முறை கழுவி 300 மைக்ரோலிட்டரில் கலக்குங்கள். மெஷினில் வைக்கும் முன் 7-ஏஏடி சேருங்கள், செத்த செல்லுக்குள் மட்டும் நுழையும் சாயம் அது. செத்த செல் எல்லா ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொள்ளும், அதைக் கணக்கிலிருந்து எடுக்காவிட்டால் இல்லாத புதுச் செல் வகையெல்லாம் கண்டுபிடிப்பீர்கள். அன்றே ஓட்ட முடியாவிட்டால் 7-ஏஏடி உதவாது. ஃபிக்ஸ் செய்தால் எல்லாச் செல்லுமே செத்ததுதானே! அதற்கு ஃபிக்ஸ் செய்தாலும் தாங்கும் உயிர்ச் சாயத்தை முன்கூட்டியே போட்டு, பிறகு 1 சதவீதம் பாராஃபார்மால்டிஹைடில் வைத்து, மறுநாள் ஓட்டுங்கள்.

கன்ட்ரோல்: ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ட்யூப், நிறக் கசிவைக் கழிக்க. பிடி-1 போன்ற மங்கல் ஏற்பிக்கு, அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாம் போட்ட ஒரு ட்யூப். பாசிட்டிவ் எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை அதை வைத்துத்தான் போட வேண்டும், கண்ணால் மதிப்பிட்டு அல்ல. பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு, டி செல்லைத் தூண்டும் பிஎச்ஏ கொடுத்து இரண்டு மூன்று நாள் வளர்த்த செல்களை வைத்துக்கொள்ளுங்கள். அது ராஜ்மாவிலிருந்து எடுப்பது. சரியாக வேகாத ராஜ்மா வயிற்றைக் கலக்குவதும் இதே சரக்கால்தான்.

திரையில் பார்ப்பது

முதலில் குப்பையை விலக்குங்கள், இரட்டைச் செல்களை விலக்குங்கள், செத்தவற்றை விலக்குங்கள். அப்புறம் சிடி3. நேராக சிடி4-க்குப் போகாதீர்கள். மோனோசைட்டிலும் சிடி4 இருக்கிறது, மங்கலாக. என்கே செல்லிலும் கொஞ்சத்தில் சிடி8 இருக்கிறது. சிடி3 பாசிட்டிவ் என்று பிடித்த பிறகுதான் உள்ளே சிடி4, சிடி8 என்று பிரிக்க வேண்டும்.

சிடி4 எண்ணும் இடத்தில் வேலை பார்த்த காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்துகொண்டேன். எச்ஐவி தன் ஜிபி120 புரதத்தால் சிடி4-ஐத்தான் பிடிக்கிறது. கூடவே சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 இருந்தால் உள்ளே நுழைகிறது. நோயெதிர்ப்புக்கு வழிகாட்டும் ஏற்பியே வைரஸுக்குக் கதவாகிவிட்டது. நம் நாட்டில் ஒரு கட்டத்தில் சிடி4 எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 350-க்குக் கீழே வந்தால்தான் பொதுவாக மருந்து தொடங்குவார்கள். 2017-இல்தான் எண்ணிக்கை பார்க்காமல் எல்லோருக்கும் மருந்து என்று மாறியது. அதற்கு முன், மோனோசைட்டைச் சேர்த்து எண்ணி 330-ஐ 370 என்று எழுதினால் ஒருவருடைய மருந்து தள்ளிப்போகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் ஒரு அம்மா, பேப்பரை வாங்கியதும் எழுத்தைப் படிக்க மாட்டார், எண்ணை மட்டும் போன முறை எண்ணோடு வைத்துப் பார்ப்பார். இன்றும் 200-க்குக் கீழே என்றால் சந்தர்ப்பவாதத் தொற்றுகளுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பதால் எண் முக்கியம்தான்.

செல்களை எண்ண, எண்ணிக்கை தெரிந்த ஒளிரும் மணிகள் போட்ட ட்யூப் பயன்படுத்தினால் கணக்கு இப்படி: ட்யூபில் 50,000 மணி, 100 மைக்ரோலிட்டர் ரத்தம். மெஷின் 5,000 மணியும் 4,000 சிடி4 செல்லும் பார்த்திருந்தால், 4,000-ஐ 5,000-ஆல் வகுத்து, 50,000-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுக்க வேண்டும். மைக்ரோலிட்டருக்கு 400 செல். ரத்தத்தை அளந்த கை தவறினால் இந்தக் கணக்கு முழுக்கத் தவறு. எனவே ரிவர்ஸ் பிப்பெட்டிங் (கொஞ்சம் அதிகம் உறிஞ்சி, வேண்டிய அளவு மட்டும் வெளியே விடுவது) செய்யுங்கள், டிப்பின் வெளிப்புறத்தில் ஒட்டிய ரத்தத்தைத் துடைத்த பிறகே ட்யூபில் விடுங்கள். கழுவுவதும் கூடாது, கழுவினால் மணியும் செல்லும் வெவ்வேறு அளவில் தொலையும்.

பிடி-1 விஷயத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. பிடி-1 பாசிட்டிவ் என்று பார்த்தவுடன் "களைத்துப்போன செல்" என்று எழுதிவிடுகிறார்கள். டி செல் கிளம்பினாலே பிடி-1 ஏறும், பிரேக் என்பது ஓடுகிற வண்டிக்குத்தானே தேவை! நேற்றுத்தான் தூண்டப்பட்ட சுறுசுறுப்பான செல்லிலும் அது இருக்கும். களைப்பு என்று சொல்ல டிம்-3, லாக்-3 போன்ற மற்ற தடுப்பு ஏற்பிகளும் சேர்ந்து இருக்க வேண்டும், தூண்டினால் சைட்டோகைன் சுரப்பு குறைந்திருப்பதையும் காட்ட வேண்டும்.

இன்னொன்று. நோயாளி நிவோலுமாபோ பெம்ப்ரோலிசுமாபோ எடுத்துக்கொண்டிருந்தால், உங்கள் ஆன்டிபாடி உட்கார வேண்டிய இடத்தில் மருந்து உட்கார்ந்திருக்கும். பிடி-1 காணாமல் போன மாதிரி தெரியும். பி செல்லின் சிடி20-ஐப் பிடிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து எடுப்பவருக்கும் இதே கதை, அதனால் பி செல்லைப் பார்க்க சிடி19 போடுங்கள். மாதிரிப் படிவத்தில் "எடுத்துக்கொள்ளும் மருந்துகள்" என்ற கட்டம் காலியாக வந்தால் நான் போன் போட்டுக் கேட்காமல் ஸ்டெயின் செய்வதில்லை.

முடித்ததும் நோட்டில் ஆன்டிபாடியின் பெயரை மட்டும் எழுதாமல் குளோன் (ஆன்டிபாடியின் குறிப்பிட்ட வகை), லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), சாயம், நீங்கள் கண்டுபிடித்த அளவு, ஐஸா 37 டிகிரியா என்பது வரை எழுதுங்கள். மெஷினில் பிளீச் ட்யூப் ஐந்து நிமிடம், பிறகு தண்ணீர் ஐந்து நிமிடம் ஓட்டி, புதுத் தண்ணீர் ட்யூபை மாட்டிவிட்டு வேஸ்ட் கேனைப் பாருங்கள். முக்கால் நிறைந்திருந்தால் இன்றைக்கே காலி செய்துவிடுங்கள், நாளைக் காலை வருபவர் பார்ப்பார் என்று விடாதீர்கள். எங்கள் லேபில் நாளைக் காலை முதலில் வருவது நான்தான்.